நாடகக் குழுவா, டெல்லியா, நேரே கேமராவா? நடிக்க நினைப்பவர் எடுக்க வேண்டிய முடிவு

2021 அக்டோபர் 25 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் 67வது தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டன. அன்று மேடையேறியவர்களில் நான்கு நடிகர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். தாதாசாகேப் பால்கே விருது வாங்கிய ரஜினிகாந்த், சென்னையில் பிலிம் சேம்பர் நடத்திய பள்ளியில் நடிப்புப் படித்தவர். சிறந்த நடிகர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் ‘அசுரன்’ படத்துக்காகத் தனுஷ். சினிமாக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயது ஆகும் முன்பே கதாநாயகனாகக் கேமரா முன் நின்றவர். இன்னொருவர் ‘போன்ஸ்லே’ படத்துக்காக மனோஜ் பாஜ்பாய். பீகார் கிராமத்திலிருந்து டெல்லிக்குப் போய், தேசிய நாடகப் பள்ளியில் இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தோற்று, நாடக ஆசிரியர் பேரி ஜானிடம் பயின்று மேடையில் வளர்ந்தவர். சிறந்த துணை நடிகர் விருது ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்துக்காக விஜய் சேதுபதிக்கு. அவர் கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதச் சேர்ந்து, அங்கே நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டவர்.

நான்கு பேர், நான்கு வழி. எந்த வழியில் போனால் விருது கிடைக்கும் என்று கேட்டால் அந்த மேடையில் பதில் இல்லை. எந்த வழியில் போனால் முதல் ஐந்தாறு வருடம் எப்படிப் போகும் என்று கேட்டால் பதில் நிறையவே இருக்கிறது. கல்லூரியை முடித்துவிட்டு அல்லது வேலையில் இருந்துகொண்டே, நடிப்பதா வேண்டாமா, நடித்தால் எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினிமாவில் சொந்தபந்தம் இல்லாத, தமிழில் நடிக்க ஆசைப்படும் ஒருவர் உள்ளூர் நாடகக் குழு ஒன்றில் சேர்வதுதான் நல்ல தொடக்கம். டெல்லியின் தேசிய நாடகப் பள்ளியும் நேரடிச் சினிமாவும் சிலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

தமிழில் நவீன நாடகக் குழு என்றதும் கூத்துப்பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். ந. முத்துசாமி 1977ல் தொடங்கியது. புரிசைக் கலைஞர்களின் தெருக்கூத்தைப் பார்த்து மலைத்துப்போன எழுத்தாளர், அந்த உடல்மொழியையும் குரல்வளத்தையும் இன்றைய நடிகனுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கக் கட்டிய இடம் அது. ஃபோர்டு ஃபவுண்டேஷன் நல்கையில் முழுநேர நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்த காலமும் உண்டு. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று அங்கிருந்து வந்தவர்களின் வரிசை நீளம். ஒரே குழுவிலிருந்து வந்தாலும் ஒருவர் நடிப்பு இன்னொருவர் நடிப்பு மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல குழு தன் முத்திரையை நடிகன் மேல் குத்துவதில்லை. அவனிடம் ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுக்கிறது.

குழுவில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? முதலில் குரல். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கு வசனம் போய்ச் சேர வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. இதைப் பழக மாதக்கணக்கில் ஆகும், ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் பிற்பாடு டப்பிங் தியேட்டரில் அதன் அருமை தெரியும். தமிழ்ப் படங்களில் இன்னமும் பெரும்பாலான வசனம் டப்பிங்கில்தான் பதிவாகிறது. படப்பிடிப்பு முடிந்து பல மாதம் கழித்து, எதிரில் யாருமில்லாத இருட்டறையில், அன்றைக்கு அழுத அதே அழுகையைக் குரலில் மட்டும் திரும்பக் கொண்டுவர வேண்டும். மேடையில் குரலைத் தீட்டியவருக்கு இது கைவந்துவிடும். முகத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

அடுத்தது, ஒரு பாத்திரத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் வாழ்ந்து பார்ப்பது. சினிமாவில் அது நடக்கவே நடக்காது. கிளைமாக்ஸை முதல் நாளும், காதலியைச் சந்திக்கும் காட்சியை நாற்பதாவது நாளும் எடுப்பார்கள். பாத்திரத்தின் முழுப் பயணம் மனதுக்குள் ஓடினால்தான் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து நடிக்க முடியும். ஒன்றரை மணி நேர நாடகத்தை இருபது முறை ஆடியவருக்கு அந்த ஓட்டம் உடம்பிலேயே பதிந்திருக்கும். அப்புறம், எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்பது. இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். நம் படங்களில் தன் முறை வரும்வரை சும்மா நிற்கும் நடிகர்களைப் பார்த்தால்தான் இது எவ்வளவு அரிது என்று புரியும். ‘சார்பட்டா பரம்பரை’யில் பசுபதி பேசாமல் நிற்கும் காட்சிகளைப் பாருங்கள், சொல்வது விளங்கும்.

இனி இந்த வழியின் கஷ்டங்கள். பணம் இல்லை. இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். சென்னையில் நவீன நாடகம் போடும் குழுக்களில் பெரும்பாலானவை நடிகர்களுக்கு வாழ்க்கை நடத்தும் அளவு ஊதியம் தர முடியாத நிலையில் இருக்கின்றன. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அலையான்ஸ் பிரான்சேஸிலோ எழும்பூர் மியூசியம் தியேட்டரிலோ இரண்டு மூன்று காட்சிகளோடு முடிந்துபோகும் நாடகங்கள் உண்டு. சபா நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வங்கி வேலையையோ அரசு வேலையையோ வைத்துக்கொண்டு மாலையில் ஒத்திகைக்கு வந்ததற்குக் காரணமே இதுதான். காத்திருப்பும் நீளம். குரு சோமசுந்தரம் பல வருடங்கள் மேடையில் இருந்துவிட்டுத்தான் 2011ல் ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் கவனிக்கப்பட்டார். ‘ஜோக்கர்’ 2016ல், ‘மின்னல் முரளி’ 2021ல். அந்த இடைவெளிகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேடையில் பழகிய அளவு கேமராவுக்கு அதிகமாகிவிடும் என்ற புகாரும் இருக்கிறது. உண்மைதான், ஆனால் குறைத்துக்கொள்ள முடியும். பெரிதாகச் செய்யத் தெரிந்தவர் க்ளோஸ்-அப்பில் சிறிதாக்கக் கற்பது சில படங்களில் நடந்துவிடும். சிறிதாக மட்டுமே செய்யத் தெரிந்தவருக்கு ஒரு பெரிய காட்சி வந்தால் கையில் எதுவும் இருக்காது.

அடுத்து டெல்லி. தேசிய நாடகப் பள்ளி 1959ல் தொடங்கியது. இப்ராஹிம் அல்காசி 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்து அதை உருவாக்கிய விதம் இந்திய நாடகத்தின் முகத்தையே மாற்றியது. நஸிருதீன் ஷா, ஓம் புரி, சீமா பிஸ்வாஸ், இர்ஃபான் கான், நவாசுதீன் சித்திகி, பங்கஜ் திரிபாதி என்று அங்கே படித்தவர்களின் பெயர்ப் பட்டியல் யாரையும் மயக்கும். மூன்று வருடப் படிப்பு. ஆண்டுக்குச் சுமார் முப்பது இடங்கள், நாடு முழுவதற்கும். சேருவதற்குப் பட்டமும் வேண்டும், ஏற்கெனவே நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் வேண்டும். இங்கேயே உள்ளூர்க் குழுவின் தேவை வந்துவிடுகிறது பாருங்கள். படிக்கும் காலத்தில் உதவித்தொகை உண்டு என்பது பெரிய விஷயம். உலக நாடகம் முழுவதையும் ஆழமாகப் படிக்க, நல்ல அரங்கில், நல்ல ஒளியமைப்போடு நடிக்க, இந்தியாவில் இதைவிடச் சிறந்த இடம் குறைவு.

ஆனால் மொழி. வகுப்பறையும் மேடையும் பெரும்பாலும் இந்தியில். இது வெறும் புரிதல் பிரச்சினை இல்லை. ஒரு நடிகனின் கருவி அவன் தாய்மொழியின் ஏற்ற இறக்கம். மதுரைக்காரர் கோபத்தில் பேசும்போது எந்த எழுத்தில் அழுத்தம் விழும், நாஞ்சில் நாட்டுப் பாட்டி கொஞ்சும்போது வாக்கியம் எங்கே நீளும் என்பதையெல்லாம் இருபத்திரண்டு வயதில் தீட்ட வேண்டிய நேரத்தில், மூன்று வருடம் வேறொரு மொழியில் போய்விடும். திரும்பி வந்து தமிழில் நன்றாக நடித்தவர்கள் இருக்கிறார்கள், சண்முகராஜன் அங்கே படித்தவர்தான். ஆனாலும் இந்தி சினிமாவோ இந்திய அளவிலான நாடக வாழ்க்கையோ உங்கள் கனவாக இருந்தால் மட்டுமே டெல்லி என்பேன். பள்ளியின் பெங்களூரு மையத்தில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அது இடைப்பட்ட வழி. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கி, இந்திரா பார்த்தசாரதி தலைமையேற்று வளர்த்த இடம். தமிழில் நாடகத்தை முறையாகப் படிக்க நினைப்பவர்கள் அதை ஏனோ கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெல்லி சான்றிதழ் கையில் இருந்தால் கதவு உடனே திறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இர்ஃபான் கான் 1980களின் பிற்பகுதியில் படிப்பை முடித்தார். அதன் பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் பல வருடம் கழிந்தது. ‘மக்பூல்’ 2003ல். சிறந்த நடிகருக்கான தேசிய விருது 2012ஆம் ஆண்டுப் படமான ‘பான் சிங் தோமர்’ படத்துக்கு. ஏறக்குறைய கால் நூற்றாண்டு. அதே நேரத்தில் அந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளாத மனோஜ் பாஜ்பாய் ‘சத்யா’வுக்காக 1998ஆம் ஆண்டுக்கான துணை நடிகர் விருதை முன்னதாகவே வாங்கிவிட்டார். பேரி ஜானின் குழுவில் பயின்ற இன்னொருவர் ஷாருக் கான் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அரசு நாடகப் பள்ளிக்கு வெளியே, ஒரு தனிமனிதர் நடத்திய நாடகக் குழு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

புனே திரைப்படக் கல்லூரியைப் பற்றிச் சுருக்கமாக. நடிப்புப் படிப்பு பல பத்தாண்டுகள் நிறுத்தப்பட்டு 2004ல் மீண்டும் வந்தது. கேமராவுக்கென்றே கற்றுத்தருகிறார்கள், உடன் படிக்கும் இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்களின் நட்பு பின்னாளில் கைகொடுக்கும். ராஜ்குமார் ராவ் அந்தப் புதிய காலத்து மாணவர், ‘ஷாஹித்’ படத்துக்குத் தேசிய விருது பெற்றார். மொழி விஷயத்தில் டெல்லிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மூன்றாவது வழி, நேராகச் சினிமா. ஆடிஷன், குறும்படம், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் வேலை. 2009க்குப் பிறகு தொலைக்காட்சிக் குறும்படப் போட்டி வழியாக ஒரு தலைமுறை இயக்குநர்களும் நடிகர்களும் வந்தது நமக்குத் தெரியும். பாபி சிம்ஹா குறும்படங்களில் நடித்துப் படத்துக்கு வந்தவர், ‘ஜிகர்தண்டா’வுக்குத் தேசிய விருது வாங்கினார். இந்த வழியின் பலம், நீங்கள் கற்கும் இடமும் வேலை செய்யப் போகும் இடமும் ஒன்றே. லென்ஸ் என்ன பார்க்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, கன்டினியூட்டிக்கு எந்தக் கையில் டம்ளர் இருந்தது என்பதெல்லாம் செட்டில்தான் பழகும்.

பலவீனம், நடிக்கும் நேரம் மிகக் குறைவு. துணை நடிகராக ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றால் கேமரா முன் இரண்டு நிமிடம் கிடைக்கலாம். ஆடிஷனில் ஒரு நிமிடம். இப்படி இரண்டு வருடம் ஓடினால் நீங்கள் உண்மையில் நடித்த நேரம் சில மணி நேரம்கூட இருக்காது. அதே இரண்டு வருடத்தில் சுறுசுறுப்பான நாடகக் குழுவில் இருப்பவர் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஒத்திகையிலும் மேடையிலும் நின்றிருப்பார். நீச்சல் கற்க நினைப்பவர் குளத்தங்கரையில் வரிசையில் நிற்பதற்கும் தண்ணீரில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. விஜய் சேதுபதி சிறு வேடங்களில் வருடக்கணக்கில் அலைந்தார், 2010ல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ வரும்வரை. அந்தக் காத்திருப்பை அவர் வீணாக்கவில்லை என்றால், கூத்துப்பட்டறையில் தினமும் பார்த்ததும் குறும்படங்களில் செய்து பார்த்ததும் அதற்குப் பெரிய காரணம். தனுஷை உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதல் படத்திலிருந்தே கதாநாயகன் என்றால் பயிற்சியே ஊதியத்தோடு நடக்கிறது. தப்பு செய்து திருத்திக்கொள்ள அடுத்தடுத்த படங்கள் இருக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

பெண்களுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு கணக்கு சேர்கிறது, அதை ஒதுக்கிவிட்டு எழுதுவது நியாயமில்லை. கேரளத் திரைத்துறை பற்றி ஹேமா கமிட்டி 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. வாய்ப்புக்குப் பதிலாக என்ன கேட்கப்படுகிறது என்பது அதில் விரிவாக இருக்கிறது. அது கேரளத்து நிலவரம் மட்டும்தான் என்று யாரும் நம்பவில்லை. தனியாக, யார் துணையும் இல்லாமல், முகம் தெரியாத ஆடிஷன்களுக்குப் போவதே நேரடி வழியின் முக்கால்வாசி வேலை. நாடகப் பள்ளியில் புகார் சொல்ல முறையான குழு இருக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்ன நாடகக் குழு என்றால் அப்படியொரு உள் புகார்க் குழு வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, மாவட்ட அளவிலான குழுவிடம் போக வேண்டும். ஆகவே நாடகக் குழுவென்றால் தானாகவே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். சேரும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடிகிறது, வீட்டுக்கு எப்படிப் போகிறார்கள், விட்டுப் போன பெண்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் குழு வேண்டாம்.

சரி, விருதுகளுக்கு வருவோம். ஒவ்வொரு விருதும் வேறொன்றைப் பார்க்கிறது. தேசியத் திரைப்பட விருது ஒரு வருடத்தில் ஒரு படத்தில் நீங்கள் செய்த ஒரு வேடத்தைப் பார்க்கிறது. அதுவும் தயாரிப்பாளர் படத்தை அனுப்பினால்தான். பரிசுத்தொகை நெடுங்காலம் 50,000 ரூபாயாக இருந்து 70வது விருதுகளிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. சங்கீத நாடக அகாடமி விருது ஒரு வேடத்தைப் பார்ப்பதில்லை, பல்லாண்டுப் பணியைப் பார்க்கிறது. இளம் கலைஞர்களுக்கு அதே அகாடமி உஸ்தாத் பிஸ்மில்லா கான் பெயரில் 25,000 ரூபாய் விருது தருகிறது. மேடையில் ஒரு வேடத்துக்கு விருது என்றால் டெல்லியில் 2006 முதல் நடக்கும் மஹிந்திரா நாடக விருதுகளைச் சொல்லலாம். நாடு முழுவதிலிருந்தும் பத்து நாடகங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே மேடையேற்றிப் பரிசு கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் கலைமாமணி நாடகக்காரர்களுக்கும் கூத்துக் கலைஞர்களுக்கும் உண்டு. தமிழ்நாடு அரசுத் திரைப்பட விருதுகளின் தாமதத்தை மட்டும் மனதில் வையுங்கள். 2009 முதல் 2014 வரையிலான விருதுகள் 2017ல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் கைக்கு வந்தன. ‘வாகை சூட வா’வுக்காக விமல் 2011ஆம் ஆண்டின் சிறந்த நடிகர். பரிசை வாங்கும்போது அவர் எத்தனையோ படங்களைக் கடந்துவிட்டார். வாய்ப்புத் தேடும் வயதில் கிடைத்தால் விருதால் பயன் உண்டு, அது தாமதமானால் அந்தப் பயனும் போய்விடுகிறது.

இதையெல்லாம் வைத்து வாழ்க்கையைத் திட்டமிட முடியாது என்பதற்குச் சிவாஜி கணேசனே போதும். மேடையில் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நடித்துப் பெரியாரால் சிவாஜி ஆனவர். கட்டபொம்மனை முதலில் நாடகமாக ஆடி, பிறகு படத்திலும் நடித்து, 1960ல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கியவர். சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவே 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் தொடங்கியது. ‘பாசமலர்’, ‘கர்ணன்’, ‘திருவிளையாடல்’ எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டன.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது, வேலையை விட முடியாது என்பவர்கள் இந்த வழிகளில் எதை எடுப்பது? டெல்லி வயது வரம்பால் போய்விடும். நேரடிச் சினிமாவுக்குப் பகல் நேரம் வேண்டும். மாலை ஒத்திகை உள்ள குழு மட்டுமே மிஞ்சும், அது குறைந்த வழியே இல்லை. விமானப்படையில் வேலை பார்த்துக்கொண்டு, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துக்கொண்டிருந்தவர் டெல்லி கணேஷ். கே. பாலசந்தர் கொண்டுவந்த பிறகு 400க்கும் மேற்பட்ட படங்கள். 71வது தேசிய விருதுகளில் துணை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்ட இருவரையும் பாருங்கள். ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர், ‘பூக்காலம்’ படத்துக்காக விஜயராகவன். பாஸ்கர் நாடகம், டப்பிங், தொலைக்காட்சித் தொடர் என்று படிப்படியாக வந்தவர். விஜயராகவன் தன் தந்தை என்.என். பிள்ளையின் கோட்டயம் நாடகக் குழுவில் நடித்து வளர்ந்தவர். இருவரும் அறுபதைத் தாண்டிய பிறகு வந்த விருது.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை காட்சிகள் போட்டார்கள், அதில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வசனம் இருந்ததா? பயிற்சி முகாம் மட்டும் நடத்திக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. அவற்றால் சில வாரம் உற்சாகம் கிடைக்கும், மேடை கிடைக்காது. முதலில் அவர்கள் நாடகம் ஒன்றை டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்கள், முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய்ப் பேசுங்கள். சேர்ந்தால் இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டு, நடுவில் வரும் குறும்படம் எதையும் விடாமல் செய்யுங்கள். இரண்டு வருடம் முடிந்த பிறகு டெல்லிக்கு விண்ணப்பிக்கலாம், ஆடிஷனுக்குப் போகலாம், அங்கேயே இருந்தும் விடலாம். அப்போது மூன்று வாசலும் திறந்தே இருக்கும்.